நான்கு துளைகளின் கணக்கு

சிபியூ கூலர் விமர்சனங்களில் டிகிரியும் டெசிபலும் பக்கம் பக்கமாக இருக்கும். மாட்டுவது பற்றி மட்டும் "சுலபம்" என்று ஒரே வரி. விமர்சகர் பலரும் மேஜைமேல் திறந்து கிடக்கும் மதர்போர்டில் மாட்டிப் பார்க்கிறார்கள். நாம மாட்டுவது தகரப் பெட்டிக்குள்ளே, ஒரு கையில் டார்ச்சோட. என்னைக் கேட்டால் கூலரில் பாதி அதன் மாட்டும் அமைப்புதான். அது சரியில்லை என்றால் செம்புக் குழாய் எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்டெல் 2004இல் எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு கொண்டுவந்த புஷ்-பின்னை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் முளை. பேக்பிளேட் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அழுத்தினால் 'க்ளிக்'. கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த க்ளிக் வருவதற்குள் போர்டு வளைவது கண்ணுக்கே தெரியும். போதாததற்கு முளையின் தலையில் ஓர் அம்புக்குறி. அது கழற்றத் திருப்ப வேண்டிய திசை! மாட்டுகிறவர் கை அம்பைப் பார்த்தால் திருப்பத்தானே போகும்? மூன்று பின் பிடித்து நாலாவது பிடிக்கவில்லை என்றால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஓடும், சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு. திட்டு வாங்குவது என்னவோ பிராசசர்.

அடுத்தது துளைகளுக்கு இடையே உள்ள தூரம். 775இல் 72 மி.மீ. சாதாரண டெஸ்க்டாப்பில் 2009இல் வந்த 1156 முதல் 1200 வரை 75. 2021இல் 1700 வந்ததும் 78. மூணே மில்லிமீட்டர்! அலுமினியம் தேயாது, செம்பு தேயாது. ஒரு நல்ல கூலர் மூன்று கம்ப்யூட்டரைப் பார்த்துவிடும். அதை மூலையில் போட வைப்பது இந்த மூணு மில்லிமீட்டர்தான். நாக்டுவா வாங்கிய ரசீதைக் காட்டினால் புது சாக்கெட்டுக்கான கிட்டை இலவசமாகவே அனுப்புகிறது. அதனால் இது முடியாத காரியம் என்று மற்றவர்கள் சொல்ல முடியாது.

ஏஎம்டி கதை வேறு. ஏஎம்4இல் 1331 பின்களும் பிராசசரின் அடியில். லீவர் பூட்டியே இருந்தாலும், காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டால் கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைந்தால் போச்சு. (கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுக்கவே கூடாது.) 2022இல் ஏஎம்5 இதைத் தீர்த்தது. ஆனால் பேக்பிளேட்டை சாக்கெட்டோடே சேர்த்துவிட்டதால், சொந்த பேக்பிளேட்டை நம்பிய பழைய கூலர்கள் அதில் உட்காராது.

சமீபத்தில் நான் வாங்கிய ஒரு கூலரில், எல்லா சாக்கெட்டுக்குமான ஸ்க்ரூக்களும் ஒரே பையில். கையேட்டில் வெறும் படம். எந்த ஸ்க்ரூ எத்தனை மி.மீ. என்று ஒரு எண்கூட இல்லை. பைக்கு மேல் 'ஏ', 'பி' என்று அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

விமர்சனம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். மூடிய கேபினெட்டுக்குள் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முதல் ரேம் ஸ்லாட் மறைகிறதா, 8-பின் பவர் கனெக்டருக்கு விரல் போகிறதா, ஃபேன் கம்பியை மாட்டும்போது விரல் கிழிகிறதா? டெசிபல் அட்டவணைக்குக் கீழே இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.