மஞ்சள் விளக்கும் மல்டிமீட்டரும்

பழைய காரில் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு மஞ்சளாக எரிந்தால், விலை உயர்ந்த கண்ட்ரோல் யூனிட் மேல்தான் பலருக்கும் முதல் சந்தேகம். நல்ல மெக்கானிக்கோ முதலில் சக்கரத்தருகே உள்ள சென்சாரைச் சோதிக்க, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குவார். எனக்குப் பிடித்தது அந்த நிதானம்.

1978இல் மெர்சிடஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்தது. சக்கர வேகத்தைச் சென்சார் அளப்பது அன்றும் இன்றும் அடிப்படை. பழைய வண்டிகளின் சென்சார் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்தான். எதிரே பல்வளையம் சுழன்றால் தானாகவே சிறு மின்னழுத்தம் பிறக்கும். என்ன அழகான ஏற்பாடு! பேட்டரிகூட வேண்டாம். மல்டிமீட்டரைச் சென்சாரோடு இணைத்து, ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், வேகம் கூடக்கூட எண்ணும் ஏறும்.

பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் 'இடது முன்சக்கரம்' என்று சொல்வது முகவரி மட்டுமே. குற்றவாளி சென்சாராக இருக்கலாம், வயராகவும் இருக்கலாம். ஸ்டியரிங்கோடு சேர்ந்து வளைந்து வளைந்து, மேலுறை முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்திருக்கும். அதனால் மீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி, அதைப் பார்த்தபடியே வயரை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் எண் துள்ளும். சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துணியால் துடைத்தாலே போதும். பல்வளையம் விரிசல் விட்டிருந்தால், வண்டி நிற்கப்போகும் நேரத்தில் காரணமின்றி பெடல் அதிரும்.

மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, முதலில் பிரேக் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.