பல் வலி என்ன மொழி?

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குக் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. ஒரு மருத்துவத் தளத்தின் தேடல் பெட்டியில், செல்போனில் தமிழுக்கு மாற்றப் பொறுமையில்லாமல், ஆங்கில எழுத்தில் 'பல் வலி' என்று தட்டினேன். தளம் ரொம்பப் புத்திசாலி. பக்கம் முழுவதையும் இந்திக்கு மாற்றிவிட்டது.

மாத்திரை உபயத்தில் கோபம் தணிந்ததும் யோசித்தேன். பி, ஏ, எல் மூன்றும் சேர்ந்தால் தமிழில் பல், அவசரத்துக்குப் பால், இந்தியில் கணம், ஆங்கிலத்தில் சிநேகிதன். அது பாவம், என்ன செய்யும்?

மொழியை மோப்பம் பிடிக்கும் வித்தை பழசு. 1994-ல் கவ்னர், டிரென்கிள் என்ற இருவர், ஒவ்வொரு மொழியிலும் அடிக்கடி வரும் எழுத்துத் துண்டுகளை எண்ணி வரிசைப்படுத்தி, புதிதாக வரும் வாசகத்தை அந்த வரிசையோடு ஒப்பிட்டார்கள். இணையச் செய்திக் குழுக்களின் கட்டுரைகளில் 99.8 சதவிகிதம் சரியாகச் சொன்னது. அசாத்தியம்தான். ஆனால் அவை கட்டுரைகள். தேடல் பெட்டியில் யார் கட்டுரை எழுதுகிறார்கள்? இரண்டு வார்த்தை. எண்ணுவதற்கே சரக்கு இல்லை.

தமிழ் எழுத்திலேயே தட்டினால் சுலபம்; யூனிகோடில் நமக்குத் தனி வீடு. (மதுரை சௌராஷ்டிரர்கள் தங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுண்டு என்பது வேறு சங்கடம்.) ரோமன் எழுத்தில்தான் தகராறு. கூகுள் இலவசமாகக் கொடுத்த சி.எல்.டி.3 என்ற நிரலின் பட்டியலில் ரோமன் எழுத்து இந்திக்கு இடமுண்டு. ரஷ்யன், ஜப்பான், கிரேக்கத்துக்கும் உண்டு. ரோமன் தமிழுக்கு இல்லை. 'தங்கிலீஷ்' என்று நாமே கேலி செய்துகொண்டு தினம் நூறு மெஸேஜ் அனுப்புகிறோமே, அது கணக்கிலேயே வரவில்லை. என் பல் வலிக்குத் 'தமிழ்' என்ற விடையை அதனால் சொல்லவே முடியாது.

சரி, நாளைக்கே சேர்த்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் புகார் தீராது. கேட்கிற மொழியும் படிக்கிற மொழியும் ஒன்றே என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டு மாமி 'சுகர் டயட்' என்று ஆங்கிலத்தில்தான் தட்டுவார். தட்டுவது சுலபம் என்பதால். படிக்க அவருக்குத் தமிழ் வேண்டும். அவர் பேரனுக்கு நேரெதிர். பாட்டைத் தமிழில் தேடுவான், தமிழ் படிக்க வராது. மருந்தின் அளவு பற்றிய பக்கம் புரியாத மொழியில் வந்தால் மாமியின் பாடு என்ன?

பிரவுசரே 'இவருக்கு இன்ன மொழி விருப்பம்' என்று ஒவ்வொரு தடவையும் தளத்துக்குச் சொல்கிறது. அதையும் முழுக்க நம்ப முடியாது. மாமியின் போனில் கடைக்காரர் வைத்துக் கொடுத்த ஆங்கிலம் அப்படியே இருக்கிறது. ஊகிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஊகித்ததும் பக்கத்தைப் புரட்டிப் போடாமல், மேலே ஒரு வரியில் 'தமிழில் படிக்கிறீர்களா?' என்று தமிழிலேயே கேட்டு, பதிலை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

மறுநாள் பல் டாக்டர் அப்படித்தான், "தமிழா, இங்கிலீஷா சார்?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை.