கடற்கரையை அளக்கும் கோடு

அரியலூர்ப் பகுதியிலுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், அவர்கள் முதலில் குனிந்து எடுப்பது கல்லாகிப்போன சிப்பியைத்தான். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கிரிட்டேசியஸ் காலக் கடல் இங்கே பலமுறை முன்னேறியது, பலமுறை பின்வாங்கியது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும் அக்கடலின் படிவங்களில் புதைந்திருந்ததே. இன்றோ கடல் நமக்குக் கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கரை நிலையான கோடு அன்று என்பதே இந்த மண் கற்பிக்கும் முதல் பாடம்.

இந்தப் பாடத்தை மனத்திற்கொண்டு, மத்திய அரசு 2019 ஜனவரியில் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படித்தேன். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991இல் முதல் அறிவிக்கையும், 2011இல் அடுத்ததும் வந்தன, இது மூன்றாவது. சட்ட ஆவணத்துக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஆவணம் முழுவதும் ஓர் அளவீட்டின்மீது நிற்கிறது என்பதே விடை.

அந்த அளவீடு உயர் ஓதக் கோடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எழும் பெரும் ஓதத்தின்போது நீர் நிலத்தில் எட்டும் எல்லையே அது. அதிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை சட்டத்தின் ஆட்சி. வரையறை தெளிவானதுதான். ஆனால் சந்திரனின் பாதைத்தளம் ஒரு சுற்றுச் சுழல 18.6 ஆண்டுகள் ஆகின்றன. ஓதத்தின் உயரமும் அதற்கேற்பச் சிறிது மாறுகிறது. மேலும், நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. கரையைப் பெரிதும் நகர்த்துவது அலைகள் சுமந்து செல்லும் மணலே. தென்மேற்குப் பருவக்காற்றின்போது மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகர்கிறது. நிகரக் கணக்கில் வடக்குக்கே மிகுதி.

இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சென்னையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கரை உள்வாங்கினால் கோடும் உள்வாங்குகிறது. கோட்டை நகர்த்தியது மனிதன் கட்டிய சுவர். ஆனால் இடத்தை இழந்தவர்கள் வலை உலர்த்திய மீனவர்கள். இந்த இழப்பைக் கணக்கில் கொள்ள அறிவிக்கையின் அளவுகோலில் இடமில்லை.

அடுத்தது, கட்டுமானம் கூடாத பகுதியின் அகலம். 2011 அறிவிக்கையில் ஊர்ப்புறங்களுக்கு இது 200 மீட்டர். 2019இல், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறங்களில் 50 மீட்டராகச் சுருங்கியது. ஓர் ஆள் கூடினால் 150 மீட்டர் குறையும் என்ற கணக்குக்கு இயற்பியலில் நான் காரணம் காணவில்லை. திட்ட வரைபடத்தின் அளவோ 1:25,000. அதில் 50 மீட்டர் என்பது 2 மில்லிமீட்டர்! மீன் உலர்த்தும் களம் ஒன்று பேனா முனையிலேயே மறைந்துவிடும்.

இக்குறையை ஆவணம் அறியாமல் இல்லை. மீனவர் ஊர்கள், பொதுவிடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றைப் பெரிய அளவுள்ள கிராம வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்று 2011இலேயே விதி வந்தது. அது பாராட்டத்தக்கது. எனினும், 2023இல் தமிழ்நாட்டின் வரைவுத் திட்டங்கள் மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, தங்கள் இடங்கள் வரைபடத்தில் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் முறையிட்டனர். வரைபடத்தில் இல்லாத களம், அடுத்த தலைமுறையில் வெற்று மணலாகவே கருதப்படும்.

மீனவரிடம் அளவீடு இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயரிட்டுப் பிரித்தவர்கள் அவர்கள். பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்னும் முறையால், மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களுடைய எல்லை காலத்தோடு இணைந்தது: யாருக்கு, எங்கே, எந்த நாளில் என்பதே அதன் இலக்கணம். மாறும் கடலுக்கு, மாறாத கோட்டைவிட இதுவே பொருத்தமான அறிவியல் எனலாம்.

காட்டில் வாழ்வோரின் பொது உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றது. கடற்கரையில் வாழ்வோருக்கு அதற்கு இணையான சட்டம் இல்லை. ஒழுங்குமுறை அறிவிக்கை என்ன செய்யக் கூடாது என்று சொல்கிறது. கரை யாருடைய வாழ்விடம் என்று சொல்வதில்லை. இதுவே அதன் பெருங்குறை. எனவே, படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், ஏலம் போடும் இடம் ஆகியவற்றைப் பருவந்தோறும் மீனவரோடு நடந்தே அளந்து, உரிமையாகப் பதிவு செய்ய வேண்டும். கல்லான சிப்பியைக்கூட நாம் எண் இட்டு, இடம் குறித்து, கண்ணாடிப் பேழையில் காக்கிறோம். உயிரோடிருக்கும் கரைக்கு அந்த மரியாதையேனும் வேண்டாமா?