மொட்டுக்குள் குடித்தனம்

பூக்கட்டுகிறவர்கள் கழித்துப் போடும் மல்லிகை மொட்டுகளில்தான் எனக்கு ருசி. அடி பருத்து, வெண்மை போய் ஊதா படர்ந்த மொட்டு ஒன்றை நகத்தால் கீறுங்கள். இதழ் மடிப்புக்குள் காலில்லாத நுண்புழுக்கள் நெளியும். கொசுவைவிடச் சிறிய மொட்டு ஈ, பிஞ்சு மொட்டில் முட்டையிட்டுப் போனதன் விளைவு இது. புழு முற்றியதும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அதற்குமுன் வெள்ளைத்தாளில் விட்டால் உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளும், காலே இல்லாமல்!

வட்ட ஓட்டை தெரிந்தால் அங்கே வேறு ஆள்: மொட்டுப்புழு. பூவின் உள்பாகத்தைத் தின்றுவிட்டுப் பக்கத்து மொட்டுகளையும் நூலிழையால் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். வளர்ந்தால் சின்ன வெள்ளை அந்துப்பூச்சி.

விவசாயிக்கு இவையெல்லாம் நஷ்டக் கணக்கு. மருந்தடிக்கிறவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியதெல்லாம் இந்தக் குடித்தனக்காரர்களுக்குத் தெரியுமா என்ன?

என் செல்லம் இலைப்பேன். பூவைத் தாளில் தட்டினால் தூசிபோல் விழுந்து ஓடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். லென்ஸில் பார்த்தால், ஒடுங்கிய இறக்கையின் ஓரமெங்கும் நீண்ட மயிர் வரிசை. வாய் இன்னும் விசித்திரம்: வலத்தாடை வளராமலே நின்றுவிடும், இடத்தாடை ஒன்றை வைத்தே இதழைக் குத்தி, சாற்றை உறிஞ்சிக் காலம் தள்ளுகிறது.