நாக்கைச் சுருட்டும் மரபணு

விலங்கியல் முடித்து பி.எட். சேர்ந்திருக்கிற சில நண்பர்களிடம், மரபியல் பாடத்தை எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். நாக்கைச் சுருட்டச் சொல்வோம் என்றார்கள். சுருட்ட முடிந்தவருக்கு ஓங்கு மரபணு, முடியாதவருக்கு ஒடுங்கு மரபணு. வகுப்பு கலகலப்பாகிவிடும், வாஸ்தவம்தான். ஆனால் 1940இல் இப்படிச் சொன்ன ஸ்டர்ட்டிவான்ட் பின்னால் தானே அதைக் கைவிட்டார். 1952இல் மேட்லாக் என்பவர் 33 ஜோடி ஒத்த இரட்டையரைச் சோதித்தபோது 7 ஜோடிகளில் ஒருவரால் சுருட்ட முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. மரபணு ஒன்றுதான், நாக்கு வேறு. எழுபது வருஷம் கடந்தும் அந்த நாக்கு வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை.

'ஒரு மரபணு, ஒரு பண்பு' என்கிற சூத்திரம் பரீட்சைக்கு வசதியானது என்பது ஒரு காரணம். (மெண்டலே விட்டுக்கொடுத்துக் கொடுக்காத ஏழு பண்புகளாகப் பார்த்துத்தான் பட்டாணியில் பொறுக்கிக்கொண்டார்.) ஆனால் நம் வருங்கால ஆசிரியர்கள் அவ்வளவு வெகுளிகள் அல்ல. 'மரபும் சூழலும் ரெண்டும்தான் சார்' என்கிறார்கள். சரி, எப்படி ரெண்டும்? 'அறுபது, நாற்பது.' அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி.

பீனைல்கீட்டோனூரியாவை எடுத்துக்கொள்வோம். மரபணுக் கோளாறுதான், சந்தேகமில்லை. பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்து, பீனைல்அலனைன் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தையின் மூளை பாதிப்பைத் தடுக்க முடிகிறது. மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது. அந்த ஒரு குழந்தையின் அறிவில் மரபுக்கு எத்தனை சதம்? கேள்வியே பொருளற்றுப் போகிறது. மரபுப்பேறு என்கிற அளவு ஒரு கூட்டத்திற்குள், ஒரு குறிப்பிட்ட சூழலில், காணும் வேறுபாடுகளைப் பற்றியது. தனி ஆளைக் கூறுபோட அது உதவாது என்று லெவொண்டின் 1970களிலேயே விளக்கிவிட்டார். பாடநூல் கட்டமைக்கும் சொல்லாடலில் இதற்கு இடமில்லை.

இதைப் பாடத்திட்ட விவகாரமாகச் சுருக்க எனக்குச் சம்மதமில்லை. ராஜாஜி 1953இல் கொண்டுவந்த, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற குலக்கல்வித் திட்டத்திற்கு மரபணு என்ற சொல் தேவைப்படவில்லை. போராட்டத்தில் 1954இல் அது ஒழிந்தது. 'அவங்களுக்குப் படிப்பு ரத்தத்துலயே இருக்கு, இதுங்களுக்கு ஏறாது' என்கிற ஆசிரியர் அறைப் பேச்சு ஒழியவில்லை. ரத்தம் இருந்த இடத்தில் இப்போது ஜீன் உட்கார்ந்திருக்கிறது, கூடவே விஞ்ஞானத்தின் அதிகாரமும்.

நண்பர்களில் ஒருவர் பெரியாரை ஆழ்ந்து வாசித்தவர். 'சாதியை நான் நம்பலை. ஆனா மூளைக்குன்னு ஜீன் இருக்கில்ல?' என்றார். இருக்கிறது, ஒன்றல்ல, ஏராளமாக. அவை எந்தச் சாதிக்கும் பட்டா போட்டுத் தரப்படவில்லை என்பதைப் பாடத்தில் எங்கே சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். 'அது சிலபஸ்ல இல்லையே' என்றார்.