சூழலும் பரம்பரையும்: ஒரு மறுநோக்கு

பரம்பரையலகுகளே மனிதரின் விதியைத் தீர்மானிக்கின்றன எனும் வாதம், சமூக ஏற்றத்தாழ்வுகளை இயற்கையானவையெனக் காட்டுதற்குப் பலகாலும் பயன்பட்டுள்ளது. ஆதலின், டீ.என்.ஏ.யின் எழுத்தொழுங்கு மாறாமலே பரம்பரையலகின் தொழிற்பாடு மாறலாம் என்ற செய்தியை முற்போக்காளர் உவந்து வரவேற்றமை வியப்பன்று. மெதைல் கூட்டம் போன்ற இரசாயனக் குறிகள் டீ.என்.ஏ. மீது படிந்து பரம்பரையலகுகளை அடக்கக்கூடும். உணவும் வாழ்நிலையும் இக்குறிகளைப் பாதிக்கக்கூடும். இவை உண்மையே. ஆயின், பரம்பரை வெற்றேடு மாத்திரமே, அதில் எழுதுவது சூழலே என இதிலிருந்து பெறப்படும் முடிவு விமர்சனத்துக்குரியது.

இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது வாட்டர்லண்ட், ஜேர்ட்டில் ஆகியோர் 2003இல் வெளியிட்ட எலி ஆய்வாகும். தாயெலிகளுக்குப் போலிக் அமிலம், உயிர்ச்சத்து பீ12 முதலியன மேலதிகமாக ஊட்டப்பட்டபோது, மஞ்சள் நிறக் குட்டிகள் குறைந்து கபில நிறக் குட்டிகள் மிகுந்தன. ஆனால், இதனை எடுத்துரைப்போர் பெரிதும் கூறாது விடும் செய்தி ஒன்றுண்டு. அவ்வெலிகளின் 'அகூட்டி' பரம்பரையலகின் அருகே இடம்பெயர் டீ.என்.ஏ.த் துண்டமொன்று செருகப்பட்டிருந்தது. மெதைல் குறி கூடியதும் குறைந்ததும் அத்துண்டத்திலேயே. சூழலுக்கு இடமளித்ததே ஒரு பரம்பரை வேறுபாடுதான்.

மனிதரிடத்தும் இத்தகைய சான்றுண்டு. பாலிலுள்ள இலக்ரோசைச் சமிக்கச் செய்யும் இலக்ரேசு நொதியம், உலகின் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் குழந்தைப் பருவத்தின் பின் குன்றிவிடுகிறது. ஐரோப்பியரிற் பலரிடம் அது குன்றாமைக்குக் காரணம், அப்பரம்பரையலகுக்கு ஏறத்தாழ 14,000 எழுத்துகள் முன்னுள்ள ஓரிடத்திற் சைற்றோசினுக்குப் பதிலாகத் தைமின் இருப்பதே என 2002இல் அறியப்பட்டது. அவ்விடத்திற் சைற்றோசினைக் கொண்ட இழையில் வயதோடு அடக்கும் குறிகள் திரள்கின்றன என்றும், தைமினைக் கொண்ட இழை அவற்றிலிருந்து தப்புகிறது என்றும் லப்ரி முதலானோர் 2016இற் காட்டினர். ஓரெழுத்து, குறியின் போக்கையே நிர்ணயிக்கிறது.

இது பரம்பரை நிர்ணயவாதத்தின் வெற்றியா? அன்று. அவ்வெழுத்து பரவியதே மந்தை வளர்த்துப் பாலுண்ட சமூகங்களிலேதான். கிழக்காபிரிக்க மேய்ப்பரிடையே வேறு எழுத்து மாற்றங்கள் தனித்துத் தோன்றி அதே பயனை நல்கின என்பது 2007இல் வெளிப்பட்டது. மனித உழைப்பு எழுத்துகளின் பரவலை மாற்றியது. எழுத்து குறியை வழிப்படுத்தியது. குறி தொழிற்பாட்டை ஆண்டது. இவ்வியக்கவியற் பிணைப்பில் எந்தவொரு கண்ணியையும் தனியே பிரித்து முதன்மைப்படுத்தல் பொருந்தாது.

விரும்பிய முடிவுக்காக உயிரியலை வளைத்ததன் விலையை வரலாறு அறியும். 1948இல் சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவின் கோட்பாடு அரச அங்கீகாரம் பெற்றது; அதற்கு முன்னரே, 1943இல், வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். மனித சமத்துவம் எலியின் உரோம நிறத்தில் தங்கியிருக்கவில்லை. அது ஓர் அரசியற் கோரிக்கை. அதற்கு உயிரியலின் அனுமதி வேண்டியதில்லை.