நாகசுரம் சொன்ன செய்தி

சாமா என்றோர் இராகம் உண்டென்பதை நமக்கு அறிவித்தவர் பாகவதரல்லர். ஒரு சிறுகதை ஆசிரியர். தி. ஜானகிராமனின் ‘செய்தி’ படித்த பின்னரே அதைத் தேடிக் கேட்டோம்.

பிலிப் போல்ஸ்கா எனும் மேனாட்டு இசைவாணன், வக்கீல் வீட்டில் பிள்ளையின் நாகசுரத்தைக் கேட்கிறான். வாசிப்பதோ தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனை. தெலுங்கும் அறியான், தமிழும் அறியான். எனினும் அது அமைதியைச் சொல்கிறதென உணர்ந்து உருகுகிறான். கொரியரும் பீகாரியரும் தமிழரும் உழைக்கும் ஒரகடம் ஆலைச் சாலையில் இக்கதையைப் படித்துக் காட்டினால், நம்பத் தயங்குவார் எவருமிலர்.

‘இசைக்கு ஏது மொழி? தமிழிசைக் கூச்சல் ஏன்?’ என்று இக்கதையை ஏந்தி வருவோர் உளர். வரட்டும்! நாகசுரத்தின் துளைவழி வந்தது காற்று; தெலுங்குச் சொல் ஒன்றேனும் வந்ததா? சொல்லின்றியே இசை இனிக்குமெனில், சொல் சேரும்போது அது கேட்போர் மொழியில் இருந்தால் எக்குடி மூழ்கிவிடும்? 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்ட செட்டிநாட்டரசர் அண்ணாமலையார் பக்கமே இக்கதை சாட்சி சொல்கிறது. ஆசிரியர் அதை எண்ணினாரோ இல்லையோ!

குறையும் உண்டு. மகன் தங்கவேலுவின் புதுமை ஆசைக்கு வழக்குரைக்கக் கதையில் ஆளில்லை. பிள்ளையின் கலைக்கு மகுடம் சூட்டவும் கடல் கடந்தவனே வரவேண்டியிருக்கிறது. உள்ளூரில் தலையசைக்க ஒருவருமா இல்லை?